மூன்றாவது கை

என் மனைவி இறந்ததைத் தெருக்கூட்டத்தில் சொல்லலாம் என்று முதலில் சொன்னவர் டாக்டர் நயினார். அப்போது தென்காசி வட்டாரத்துக்கு அவர்தான் சுகாதார அதிகாரி. 1963-ஆம் வருஷம், சாரல் தொடங்குவதற்கு முன்பு. பெரியம்மையை நாட்டைவிட்டே ஒழிப்பது என்று இயக்கம் நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பிரச்சாரப் பிரிவில் வேலை. தகரக் குழாயில் பேச வேண்டும், படச் சுருளை விரித்துக் காட்ட வேண்டும், பேசி முடித்ததும் ஜனங்களை அம்மை குத்துபவர் பக்கம் திருப்பிவிட வேண்டும்.

நான் பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்தவன். கிருமி உடம்புக்குள் எப்படி நுழைகிறது, உடம்பு அதை எப்படி அடையாளம் வைத்துக்கொள்கிறது என்றெல்லாம் ஒழுங்காக விளக்குவேன். ஜனங்கள் ஒழுங்காகக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

"கிருமியை யாரும் பார்த்ததில்லை, காந்திமதிநாதன்" என்றார் டாக்டர். "உங்களைப் பார்க்கிறார்கள். உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்."

கட்டாயமில்லை என்றும் சொன்னார். நான் சரி என்றேன். மறுக்க ஒரு காரணம் வேண்டும். தேடினேன், அகப்படவில்லை. அந்த வருஷம் எனக்கு எதற்கும் எதிராக எதுவும் தோன்றியதில்லை. வைத்ததைச் சாப்பிட்டேன், போகச் சொன்ன ஊருக்குப் போனேன்.

முதல் நாள் பேச்சு நீண்டுவிட்டது. என்னோடு வரும் அம்மை குத்துபவர் நல்லகண்ணு. ஆலங்குளத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். கையில் தொழில் சுத்தம், வாய் மட்டும் ஓயாது. டீக்கடையில் உட்கார்ந்து குறை சொன்னார். கல்யாணம் எந்த ஊரில் நடந்தது, அவளுக்கு என்ன பிடிக்கும் என்பதெல்லாம் தெருவுக்கு வேண்டாம் என்றார். சுருக்கமாக, நான்கு விஷயம் போதும் என்றார். அவர் சொன்னது சரிதான். வெட்டினேன். சில நாட்களில் பேச்சு ஒரு உருவத்துக்கு வந்துவிட்டது.

அது இப்படி இருக்கும். போன வருஷம் பங்குனியில் என் மனைவிக்கு வைசூரி கண்டது. அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. குழந்தையாக இருந்தபோதே அவளுக்கு அம்மை குத்தியிருந்தது. அப்படியும் வந்தது. ஒரு வாரத்தில் போய்விட்டாள். பிறகு, சிறு வயதில் குத்திக்கொண்ட காப்பு வருஷம் போகப் போகத் தேய்ந்துவிடும் என்றும், பெரியவர்களும் மறுபடி குத்திக்கொள்ள வேண்டும் என்றும் சொல்வேன். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

நல்லகண்ணு இன்னொரு திருத்தமும் சொன்னார்.

"'போய்விட்டாள்'னு சொல்லுதீங்க பாத்தீங்களா, அங்கன கொஞ்சம் நிறுத்துங்க சார். உடனே தேயுது, மாயுதுன்னு பாடம் எடுக்காதீங்க. அவுக மூக்கைச் சிந்தட்டும். நானும் அதுக்குள்ள வெளக்கைப் பத்த வச்சிருவேன்."

அங்கே நிறுத்தினேன். நிறுத்தும் நேரத்தில் எதிரில் இருக்கும் கடைப் பலகையை வாசிப்பேன். அரிசி மண்டி, பாத்திரக் கடை, சைக்கிள் வாடகைக்கு. வாசித்து முடித்ததும் மறுபடி பேச்சைத் தொடங்குவேன். நல்லகண்ணு ஸ்பிரிட் விளக்கில் குத்தூசியைக் காட்டிக்கொண்டிருப்பார். ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். உண்மையாகவே நின்றார்கள். டாக்டர் திருநெல்வேலிக்கு எழுதிப் போட்டார். மற்ற வட்டாரங்களிலும் இந்த முறையைச் செய்து பார்க்கலாம் என்று பதில் வந்ததாம். மற்ற வட்டாரங்களில் யாருடைய மனைவி என்று நல்லகண்ணு கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, தப்பா எடுத்துக்காதீங்க என்றார். நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தது. குற்றாலத்தில் அறைகள் நிரம்பிவிட்டன. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் விட்ட பிறகு பிள்ளையை அருவியில் குளிக்கவைத்தால் உடம்புச் சூடு முழுக்கத் தணியும் என்று சிலருக்கு நம்பிக்கை உண்டு. அந்த வருஷம் கிழக்கே கரிசல் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் அப்படி வந்தது. பிள்ளைக்கு உள்ளங்காலில் பொருக்கு இன்னும் உதிரவில்லை. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு அறையில் தங்கி, தினமும் பேரருவியில் குளித்தார்கள். அறையை வாடகைக்கு விட்டவருக்குச் சந்தேகம் வந்து எங்களுக்குச் சொல்லி அனுப்பினார்.

குடும்பத்தைத் தனிக் கொட்டகைக்கு மாற்றினோம். அந்தத் தெருவில் இருந்தவர்கள் எல்லாருக்கும் அன்றே குத்த ஆரம்பித்தோம். அந்த அறையின் முன்பக்கம் இரண்டு கடைகள். ஒன்று காஜாவின் டீக்கடை. மற்றது பீர் மைதீனின் துண்டுக் கடை. கடையநல்லூரில் தறிக்காரர்களிடம் துண்டு எடுத்து வந்து, சாரல் காலம் முழுக்கக் குளிக்க வருகிறவர்களுக்கு விற்பார். வீடு தென்காசியில். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு ஊருக்குப் போய்விட்டு மறுநாள் கடைக்குத் திரும்புவார்.

பீர் மைதீன் பேசாமல் சட்டைக் கையைச் சுருட்டினார். காஜா மாட்டேன் என்றார். கை வீங்கிவிட்டால் டீ எவன் ஆற்றுவான் என்று கேட்டார். சீசன் முடியட்டும், இரண்டு கையிலும் குத்திக்கொள்கிறேன் என்றார். நான் என் பேச்சைச் சொன்னேன். அவர் பாய்லரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பாவம் என்றார். டீ கொடுத்தார், காசு வாங்கவில்லை. கையை நீட்டவில்லை.

மறுநாள் பீர் மைதீனின் வீட்டுக்குப் போனோம். அவர் அந்த அறைக்கு முன்னால் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தவர் என்பதால் அவர் வீட்டாருக்கு உடனே குத்த வேண்டும். வீட்டில் மூன்று பெண்கள். தாயார் சைதூன் பீவி, தங்கை பாத்திமுத்து, மனைவி நூர்நிஷா. நூர்நிஷாவுக்கு ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. அதற்கு முன் இரண்டு தடவை தங்காமல் போயிருந்தது. இதையெல்லாம் கடையில் வைத்துப் பீர் மைதீனே சொல்லியிருந்தார். எதுவாக இருந்தாலும் உம்மாவிடம் கேட்டுச் செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அந்தத் தெருவில் பெண்கள் கோஷா. எங்கள் வட்டாரத்தில் பெண் ஊழியர் யாரும் இல்லை. அதனால் ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். நான் தெருவில் நின்று பேசுவேன். பெண்கள் ஜன்னலுக்குப் பின்னால் இருந்து கேட்பார்கள். பிறகு வாசல் திரைக்கு வெளியே கையை மட்டும் நீட்டுவார்கள். நல்லகண்ணு முக்காலியில் உட்கார்ந்து, மேல்கையைத் துடைத்து, அம்மைப்பாலை வைத்துக் குத்தூசியைத் திருகுவார். முகம் பார்க்க வேண்டியதில்லை. வீட்டில் எத்தனை பெண்கள், எத்தனை கை நீண்டது என்று பார்த்துக்கொண்டால் போதும்.

அன்று மூன்று கை நீண்டது. முதல் கை சைதூன் பீவியுடையது. இரண்டாவது ஓர் இளம்பெண்ணின் இடது கை. மூன்றாவதாக நீண்டது வலது கை. இடது கைதான் வேண்டும் என்று நல்லகண்ணு சொன்னார். இடது கையில் சிரங்கு என்று சைதூன் பீவி உள்ளிருந்து சொன்னாள். நல்லகண்ணு முனகிக்கொண்டே வலது கையில் குத்தினார். அடுத்த வீட்டுக்குப் போனோம்.

ஒரு வாரம் கழித்துப் பால் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குத்திய இடத்தில் கொப்புளம் எழும்பியிருந்தால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இல்லையென்றால் மறுபடி குத்த வேண்டும். நாங்கள் கிளம்பிக்கொண்டிருந்தபோது குற்றாலத்திலிருந்து செய்தி வந்தது. காஜாவுக்கு அம்மை முத்துப் போட்டுவிட்டது. சில நாட்களாகவே காய்ச்சல். கடைக் கூரை ஒழுகியதால் பீர் மைதீனின் கடைக்குள் துண்டு மூட்டைகளின் மேல் படுத்திருந்திருக்கிறார். இடையில் வெள்ளிக்கிழமை பீர் மைதீன் வீட்டுக்கு வந்து போயிருந்தார். அழுக்குத் துணியையும் ஒரு மூட்டைத் துண்டையும் வீட்டில் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

டாக்டர் காஜாவைக் கொட்டகைக்கு அனுப்பினார். பீர் மைதீனைக் கடையைவிட்டு நகரக்கூடாது என்று சொல்லிவிட்டார். எங்களை முதலில் அவர் வீட்டுக்குப் போகச் சொன்னார். அங்கே மூன்று பேருக்கும் குத்தியாகிவிட்டது என்று நான் சொன்னேன். நல்லது, பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்.

சைதூன் பீவியின் கை நீண்டது. லேசாகச் சிவந்திருந்தது. அந்த வயதில் அது போதும். இரண்டாவது கையில் கொப்புளம் நன்றாக எழும்பியிருந்தது. மூன்றாவதாக நீண்ட வலது கையிலும் அதேபோல. நல்லகண்ணு திருப்தியோடு பையைக் கட்ட ஆரம்பித்தார்.

எனக்கு அந்த இரண்டு கைகளும் நினைவில் நின்றன. திரைக்கு இடப்பக்கமாக ஒன்று நீண்டு உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் வலப்பக்கமாக மற்றது வந்தது. இரண்டிலும் ஒரே கறுப்பு ரப்பர் வளையல், ஒரே இடத்தில். இரண்டிலும் விரல் நுனியில் ஒரே அளவுக்கு அழிந்த மருதாணி.

"நூர்நிஷா இடது கையையும் காட்டட்டும்" என்றேன்.



"சிரங்குன்னு சொன்னேனே, தம்பி" என்றாள் சைதூன் பீவி.

"சிரங்கைத்தான் பாக்கணும்."

உள்ளே யாரோ அடக்கிய சிரிப்பு கேட்டது. பிறகு ஓர் இளம் குரல்.

"இனும மறைக்க முடியாதும்மா. ரெண்டு கையும் வீங்கிக் கெடக்கு. ஒரு வாரமா நீதான் எனக்குச் சோறு ஊட்டுத."

அது பாத்திமுத்து.

நல்லகண்ணு முக்காலியில் மறுபடி உட்கார்ந்தார். "ஏ தாயி, இந்த ஜில்லாவுலயே உனக்குத்தான் ரெண்டு பங்கு காவல்" என்றார். "ஒனக்கு ஒண்ணும் வராது. உங்க மதினிக்கு என்ன செய்யப் போறே?"

சிரிப்பு நின்றுவிட்டது.

நான் சைதூன் பீவியிடம் காஜாவின் விஷயத்தைச் சொன்னேன். அவர் படுத்திருந்த கடையிலிருந்து அவள் மகன் வந்து போனதையும், மூட்டை வந்ததையும் சொன்னேன். அழுக்குத் துணியை யார் வெளுத்தது என்று கேட்டேன். நூர்நிஷாதான் வெளுத்திருப்பாள் என்பது பாத்திமுத்துவின் இரண்டு கையும் வீங்கியிருந்ததிலிருந்தே தெரிந்தது. மருமகளுக்கு இன்றே குத்திவிட வேண்டும், இன்று குத்தினால் நோயைத் தடுப்பு முந்திக்கொள்ள இன்னும் இடம் இருக்கிறது என்றேன்.

சைதூன் பீவி திரைக்கு அருகில் வந்துவிட்டாள். குரல் பக்கத்தில் கேட்டது. கோபம் இல்லை. நியாயம் கேட்கும் குரல்.

"உம்ம பொஞ்சாதிக்கும் குத்தித்தானே இருந்துது?"

"ஆமா."

"வயித்துப்புள்ளக்காரியா இருந்தா."

"ஆமா."

"குத்துன பொறவும் வந்துச்சு, போயிட்டான்னு நீருதானே தெருவுல நின்னு குழா வச்சுச் சொன்னீரு. அதைக் கேட்டுட்டு நான் எம் மருமவளை எப்படிக் கையை நீட்டச் சொல்லுவேன்? ஏற்கெனவே ரெண்டைக் கொடுத்தவ."

எனக்கு உடனே புரியவில்லை. அவளுக்குக் குத்தியது சின்ன வயதில், கர்ப்பமாக இருக்கும்போது இல்லை, அந்தக் காப்பு தேய்ந்துபோய்த்தான் வந்தது என்று அன்றைக்கே சொன்னேனே என்றேன்.

"நீரு 'போயிட்டா'ன்னீரு. பொறவு ஒண்ணும் பேசாம நின்னீரு. எனக்கு அதுக்கு மேல கேக்க முடியல. ஜன்னலைச் சாத்திட்டேன்."

நல்லகண்ணு தலையைக் குனிந்துகொண்டார். விளக்குத் திரியை விரலால் நிமிண்டினார்.

அன்று அந்த வீட்டுக்கு எதிரில் என்ன கடை என்று நினைத்துப் பார்த்தேன். அச்சாபீஸ். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், நோட்டீஸ் அச்சடித்துத் தரப்படும். முழுப் பலகையையும் வாசித்திருந்தேன். அந்த நேரத்தில் எத்தனை வீடுகளில் ஜன்னலைச் சாத்தினார்கள் என்று தெரியாது. வரிசையில் நின்றவர்களைத்தான் நாங்கள் எண்ணினோம்.

மறுபடி விளக்கினேன். சைதூன் பீவி கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. அன்றைக்கு ஒரு மாதிரி, இன்றைக்கு ஒரு மாதிரி சொல்லுகிறீர் என்றாள். மகன் வரட்டும் என்றாள். மகன் இப்போதைக்கு வர முடியாது என்றேன். வருகிறபோது வரட்டும், அதுவரை மருமகளை மச்சு அறையில் வைத்துக்கொள்கிறேன், யாரும் அண்டாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். இரண்டு பிள்ளைகளை இழந்த வீட்டில் அவளுக்கு அது ஒன்றுதான் செய்யத் தெரிந்த காரியம். அதில் நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அப்போது வேறொரு குரல் கேட்டது. மெலிந்த குரல். நூர்நிஷா அதுவரை பேசவில்லை.

"அண்ணாச்சி, அவுகளுக்கு எப்பம் குத்துனாவ?"

"ஏட்டி, நீ உள்ள போ" என்றாள் சைதூன் பீவி.

"இருங்க மாமி. கேட்டுக்கிடுதேன்."

நான் திரையைப் பார்த்துப் பேசினேன். பச்சைத் துணி. ஓரத்தில் தையல் விட்டிருந்தது.

"பால்குடிப் பிள்ளையா இருக்கும்போது."

"வயித்தோட இருக்கையில குத்தலையா?"

"குத்தலை."

"யாரும் வந்து சொல்லலையா?"

"இல்ல. அப்பம் அந்தப் பக்கத்துக்கு இந்த இயக்கம் வரலை."

"குத்தியிருந்தா இருந்திருப்பாவளா?"

"அநேகமா."

"அநேகமான்னா?"

இந்தக் கேள்விக்குப் பிரச்சாரப் பிரிவில் ஒரு பதில் உண்டு. கட்டாயம் பிழைத்திருப்பாள் என்று சொல்ல வேண்டும். சந்தேகம் காட்டக்கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

"நிச்சயமா இருந்திருப்பான்னு நான் சொன்னா அது பொய்" என்றேன். "உங்களுக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். கை வீங்கும், காய்ச்சல் வரும். வயித்துப்பிள்ளைக்காரங்க எத்தனையோ பேருக்கு நல்லகண்ணு குத்தியிருக்கார். எல்லாரும் நல்லா இருக்காங்க. ஆனா வைசூரி வந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்."

சாரல் காற்று திரையைத் தூக்கியது. உள்ளிருந்து ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டது.

"புள்ள?" என்றாள் நூர்நிஷா.

"அதுவும் போச்சு. அவ போறதுக்கு முந்தின நாள்."

"ஆணா, பொண்ணா?"

அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. எந்தத் தெருவிலும் கேட்கவில்லை.

"தெரியாது" என்றேன்.

"தெரியாதா?"

"என்னை உள்ள விடலை. எங்க பக்கம் அம்மை கண்ட வீட்டுக்குள்ள புருஷனை விட மாட்டாங்க. ரோட்டுல ஒரு கடையில உக்காந்திருந்தேன். ஆள் வந்து சொல்லிட்டுப் போனாங்க. பொறவு நான் கேக்கலை."

நல்லகண்ணு தெருப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பாத்திமுத்து உள்ளே ஏதோ சொன்னாள், சைதூன் பீவி அவளை அதட்டினாள். பிறகு மாமியாரும் மருமகளும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கேட்கவில்லை. கேட்கவும் முயலவில்லை.

திரையின் இடப்பக்கமாக ஒரு கை நீண்டது. இடது கை. மணிக்கட்டிலிருந்து பாதிக் கைக்குப் பச்சைக் கண்ணாடி வளையல்கள். சிரங்கு இல்லை. தோள்பக்கத்தில் சிறு வயதில் குத்திய பழைய வடு இரண்டு இருந்தது. திரைக்குள்ளிருந்து இன்னொரு கை வந்து அதன் முழங்கையைத் தாங்கிப் பிடித்தது. சுருக்கம் விழுந்த கை.

"சீக்கிரம் குத்தும்" என்றாள் சைதூன் பீவி.

நல்லகண்ணு அன்று பேசாமல் குத்தினார்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கேட்டார். பேசும் வரிசையை மாற்றிவிடலாம் என்றார். காப்பு தேய்ந்துபோன விஷயத்தை முதலில் சொல்லிவிட்டு இறந்ததைக் கடைசியில் சொன்னால் யார் ஜன்னலைச் சாத்தினாலும் நஷ்டமில்லை என்றார். பேசிய தெருக்களுக்கெல்லாம் மறுபடி போக வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு அது சரியாகப் பட்டது. வலது கை நீட்டினால் குத்தக்கூடாது என்று நல்லகண்ணுவுக்கு உத்தரவு போனது. அதற்கு நல்லகண்ணு, சிரங்கைக் காட்டச் சொல்லிப் பழகிக்கொள்கிறேன் என்றார்.

மறுபடி போன தெருக்களில் நான் நிறுத்தாமல் பேசினேன். வரிசை முன்னைவிடக் கொஞ்சம் சிறியதாகத்தான் இருந்தது. ஆனால் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து கேள்விகள் வந்தன. சந்தேகத்தோடு கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். ஒவ்வொரு தெருவிலும் இரண்டு மூன்று வீடுகளில், முன்பு குத்தியாகிவிட்டது என்று நாங்கள் நினைத்த, ஆனால் குத்திக்கொள்ளாத கர்ப்பிணிகள் இருந்தார்கள்.

அந்த வாரத்தில் ஒருநாள் வாசுதேவநல்லூருக்குப் பஸ் ஏறினேன். என் மனைவி பேராச்சியின் ஊர். வருஷத் திவசத்துக்குப் பிறகு அங்கே போகவில்லை. மாமியார் மங்களேஸ்வரி கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலி போட்டாள். காபி கொடுத்தாள். வேலை எப்படி, சாப்பாடு எங்கே என்று கேட்டாள். சொன்னேன்.

"புள்ள ஆணா, பொண்ணா, அத்தை?" என்றேன்.

அவள் டம்ளரை எடுக்க நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தாள்.

"பொண்ணு" என்றாள். "நீங்க கேப்பீங்க, கேப்பீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன், மாப்பிள்ள. கேக்கவே இல்ல. சரி, தெரிய வேண்டாம்னு நெனைக்காக போலன்னு விட்டுட்டோம்."

எங்கே வைத்தார்கள் என்று கேட்டேன்.

"தனியா வைக்கலை. அவளுக்குப் பக்கத்துலயே, கையோட சேத்து வச்சோம்."

டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் தண்ணீர் ஊற்றிக் கழுவும் சத்தம் கேட்டது. நான் கடைசிப் பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் திரும்பிவிட்டேன். புளியங்குடி தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பிறகு பார்க்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் என்னவென்று கேட்டார். சாரல் கண்ணில் அடிக்கிறது என்று அவரே சொல்லி, எழுந்து ஜன்னல் படுதாவை இறக்கிவிட்டார்.

நூர்நிஷாவின் கையைப் பார்க்கும் நாள் வந்தது. அதற்குள் அவளுக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்து விட்டிருந்தது. வைசூரிக் காய்ச்சலா, ஊசிக் காய்ச்சலா என்று அந்த இரண்டு நாளும் எங்களுக்குத் தெரியவில்லை. சைதூன் பீவி இருமுறை ஆள் அனுப்பினாள். இருமுறையும் டாக்டரே போய்த் திரைக்கு வெளியே உட்கார்ந்து, நாடியைப் பார்த்துவிட்டு வந்தார். காத்திருக்க வேண்டியதுதான் என்றார்.

திரைக்கு வெளியே கை நீண்டது. வளையல்களை மணிக்கட்டுப் பக்கம் தள்ளி ஒரு துணியால் கட்டியிருந்தார்கள், கொப்புளத்தில் உரசாமல் இருக்க. கொப்புளம் முழுசாக, நடுவில் குழி விழுந்து, சுற்றிலும் சிவந்து இருந்தது. உடம்பில் வேறு எங்கும் ஒன்றும் இல்லை என்று சைதூன் பீவி சொன்னாள். விளக்கைப் பிடித்துக்கொண்டு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தாளாம்.

"பிடிச்சிருக்கு" என்றார் நல்லகண்ணு. "பாடப் புஸ்தகத்துல படம் போடலாம்."

நான் திரையைப் பார்த்து, "பொண்ணு" என்றேன்.

"யாருக்கு?" என்றாள் சைதூன் பீவி.

நூர்நிஷா நீட்டிய கையை உள்ளே எடுத்துக்கொள்ளவில்லை.

"கேட்டுட்டீயளா" என்றாள்.

"கேட்டேன்."

"சரி, அண்ணாச்சி."

கை உள்ளே போனது. பாத்திமுத்து, தன் இரண்டு கையையும் யாரும் இன்றைக்கு ஏன் பார்க்கவில்லை என்று கேட்டாள். நல்லகண்ணு, உன் கையைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது என்றார். அடுத்த வீட்டுக்குப் போனோம்.

காஜா பிழைத்துக்கொண்டார். முகம் முழுக்கத் தழும்பு. மறு வருஷம் தன் கடைக்கு முன்னால் நாங்கள் படம் மாட்டியபோது, படம் எதற்கு, என் மூஞ்சியைக் காட்டுங்கள் என்றார். பீர் மைதீனின் வீட்டில் யாருக்கும் வரவில்லை. குத்தியதால்தான் நூர்நிஷாவுக்கு வரவில்லை என்று டாக்டர் ஒரு குறிப்பு எழுதச் சொன்னார். குத்தாமல் இருந்திருந்தாலும் வராமல் போயிருக்கலாம் என்றேன். அநேகமாக வந்திருக்கும் என்றார் அவர். அநேகமாக என்றே எழுதிக் கொடுத்தேன்.

ஆவணிக் கடைசியில் சாரல் ஓய்ந்து குற்றாலத்தில் கடைகளைப் பிரிக்கத் தொடங்கினார்கள். பீர் மைதீன் மீந்த துண்டுகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, பிள்ளை பிறந்திருக்கிறது, இரண்டு உயிரும் சுகம் என்றார்.

என்ன பிள்ளை என்று கேட்டேன்.

பையன் என்றார். பெயர் இன்னும் வைக்கவில்லையாம்.